பாலக்கோடு அருகே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி: பெற்றோர் பார்வையில்

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டை அடுத்துள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். தேர்ச்சி விழுக்காட்டை எல்லாப் பள்ளிகளுமே வாசலில் பதாகை கட்டிச் சொல்லிவிடுவதால், பிள்ளையை அங்கு நம்பி அனுப்பலாமா என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இப்பள்ளியில் என்னை மிகவும் கவர்ந்தது வருகைப்பதிவேட்டைத் தலைமையாசிரியை கையாளும் விதம். முதல் பாடவேளை முடிவதற்குள், வராத பிள்ளைகளின் வீட்டுக்கு அழைப்பு போய்விடுகிறது. எங்கள் பகுதியில் கட்டட வேலைக்காகப் பெங்களூரு சென்ற பெற்றோர் பலர். பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளர்கிறார்கள். ஆகவே ஊரில் இருப்பவர் எண், வெளியூரில் இருப்பவர் எண் என இரண்டையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். தொடர்ந்து சில நாள் வராத மாணவியின் வீட்டுக்கு வகுப்பாசிரியர் நேரில் செல்கிறார். குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியாத மாவட்டத்தில், ‘பாட்டிக்கு உடம்பு சரியில்லை’ என்னும் விடுப்புக் கடிதத்தை அப்படியே கோப்பில் சேர்த்துவிடாமல் விசாரிக்கும் தலைமை அரிது. பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்கு நிச்சயம் பேசுவதாகத் தெரிந்தால் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தாமே தகவல் சொல்லப்போவதாகப் பெற்றோர் கூட்டத்தில் வெளிப்படையாக அறிவித்தார். சிலர் முகம் சுளித்தனர்; அவர் பேச்சை மாற்றவில்லை.

பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டியைப் பல பள்ளிகளில் தலைமையாசிரியர் அறை வாசலில்தான் பார்த்திருக்கிறேன். அத்தனை பேர் பார்க்கும் இடத்தில் எந்தப் பிள்ளை சீட்டு போடும்? இங்கு அது நூலகத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. ஓர் ஆசிரியையும் பள்ளி மேலாண்மைக் குழுவைச் சேர்ந்த ஒரு தாயும் உடனிருக்கத்தான் திறக்கப்படுகிறது. பாலியல் புகாரைப் பள்ளிக்குள்ளேயே பேசி முடிப்பது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம் என்பதும், நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தகவலை மறைத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு என்பதும் அங்குள்ள ஆசிரியர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. 2024இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. (தேசிய மாணவர் படை) முகாமில் மாணவியர் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளான வழக்கு வெளிவந்த பிறகு, பயிற்சி, முகாம் என்று யார் வந்தாலும் கல்வி அலுவலகத்தின் எழுத்துமூல அனுமதியைப் பார்க்காமல் உள்ளே விடுவதில்லை.

நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதி என்பதால் குடிப்பதற்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மட்டுமே. ஆழ்துளைக் கிணற்றுக் குழாய் கழிப்பறைப் பயன்பாட்டுக்கு என்று பிரித்துவிட்டார்கள். கழிப்பறைகள் காலையில் தூய்மையாகவும் பிற்பகலில் அவ்வாறின்றியும் இருக்கின்றன.

குறைகளும் உண்டு. பிரம்பு மறைந்துவிட்டது, ஆனால் நாக்கின் சூடு இன்னும் தணியவில்லை. ஓர் ஆசிரியர் குறைந்த மதிப்பெண்களை வகுப்பு முன் உரக்க வாசித்து, குடும்பத்தையும் சேர்த்துப் பேசுகிறார். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. புகார் சொன்னபோது தலைமையாசிரியை பொறுமையாகக் கேட்டார், அந்த ஆசிரியரை அழைத்தும் பேசினார். சில வாரங்களில் பழைய பழக்கம் திரும்பிவிட்டது. வெளியாரிடம் காட்டும் கண்டிப்பைச் சக ஆசிரியரிடம் காட்ட அவர் தயங்குகிறார் என்பதே என் கணிப்பு.

பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பு முடியும் நேரத்தில் எங்கள் பக்கம் வரும் நகரப் பேருந்து போய்விடுகிறது. அடுத்த பேருந்துக்கு மாணவியர் இருட்டில் சாலையோரம் காத்திருக்கிறார்கள். மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டுப் போக்குவரத்துக் கழகத்துக்கு மனு அனுப்பியிருக்கிறது. பேருந்து நேரம் மாறும்வரை வகுப்பைக் காலைக்கு மாற்றலாம் என்ற எங்கள் கோரிக்கைக்குப் பதில் வரவில்லை. தொலைவிலிருந்து பெண் பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்கள் சேர்க்கைக்கு முன்பே இதைக் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.