"எந்த மழையையும் தாங்கும்" என்று சொல்லி என் வேட்டைத் துப்பாக்கியைக் கெடுத்த கடை: ஓர் எச்சரிக்கை

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கும் தமிழ் நண்பர்கள் ஏமாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். செம்மான்கள் இணைசேரும் மார்ச் இறுதி, ஏப்ரல் நாட்களை முன்னிட்டு, "முழுப் பராமரிப்பும் மழைக்காப்பும்" என்ற பெயரில் இங்குள்ள ஒரு துப்பாக்கிக் கடை 300 டாலருக்கு மேல் கட்டணம் வாங்குகிறது. வாக்களித்த வேலைகளில் ஒன்றைக்கூட அவர்கள் உருப்படியாகச் செய்யவில்லை. அதோடு, முன்பு இல்லாத ஒரு பழுதையும் என் துப்பாக்கியின் குழலில் உண்டாக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். விவகாரம் தீர்ப்பாயத்தின் முன் இருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

என்னுடையது .308 ரகத் தோட்டாவுக்கான போல்ட் ரைஃபிள், அதாவது பின்புறமுள்ள போல்ட் என்ற தண்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டாவை ஏற்றும் வகை. நீலச்சாயம் ஏற்றிய எஃகுக் குழல், அதைத் தாங்கும் வால்நட் மரக்கட்டை. இத்தீவின் மேற்குக் கரைக் காடுகளில் இத்தகைய துப்பாக்கியை நல்ல நிலையில் வைத்திருப்பது எளிதன்று. அதற்குத் தெற்கே உள்ள மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது என்பதிலிருந்தே அந்த ஈரத்தை ஊகித்துக்கொள்ளலாம். குழலின் உள்ளே படிந்துள்ள கரியையும் தாமிரத்தையும் முற்றிலும் அகற்றுவோம், கட்டையைக் கழற்றி அடிப்பகுதியைத் துடைத்து எண்ணெயிடுவோம், குழலின் உள்ளும் புறமும் ஈரம் புகாத பூச்சு பூசுவோம், அதன்பின் பல பருவங்களுக்குத் துரு என்ற பேச்சே இருக்காது என்று கடைக்காரர் விரிவாகச் சொன்னார்; ரசீதிலும் அவ்வாறே எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வந்த துப்பாக்கி பளபளவென்று இருந்தது. ஆனால் முதல் மழைப் பயணத்திலேயே குண்டுகள் குறியில் ஒன்றுசேராமல் சிதறத் தொடங்கின. வீட்டுக்கு வந்து கட்டையைக் கழற்ற முற்பட்டபோதுதான் உண்மை புலப்பட்டது. கட்டையையும் இயந்திரப் பகுதியையும் பிணைக்கும் திருகுகளின் பள்ளங்களில் பழைய அழுக்கு இறுகிக் கெட்டியாக அப்படியே இருந்தது. திருப்புளி பட்டிருந்தால் அது உதிர்ந்திருக்கும். கழற்றிப் பார்த்தால், குழலின் அடிப்பக்கத்தில், மரத்தை ஒட்டிக் கிடக்கும் நீளம் முழுவதும், காப்பித்தூள் நிறத்தில் துரு பரவியிருந்தது. கண்ணுக்குத் தெரியும் மேற்பக்கத்தில் மட்டும் எண்ணெயைத் தாராளமாகத் தேய்த்திருக்கிறார்கள்.

அடுத்து, குழலின் உட்புறம். நம் தோட்டாக்களிலிருந்து பாயும் குண்டின் மேலுறை பெரும்பாலும் 95 விழுக்காடு தாமிரமும் 5 விழுக்காடு துத்தநாகமும் கலந்த உலோகம். குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டப்பட்ட புரிகளைக் குண்டு உரசிக்கொண்டு பாயும்போது அந்தத் தாமிரம் சிறிது சிறிதாகக் குழலில் ஒட்டுகிறது; அதன்மேல் வெடிமருந்தின் கரி படிகிறது, மறுபடி தாமிரம், மறுபடி கரி என்று அடுக்கடுக்காகச் சேர்கிறது. ஆகவே கரியைக் கரைக்கும் திரவத்தையும், அமோனியா கலந்த தாமிரக் கரைப்பானையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டியிருக்கும். தாமிரம் கரைந்தால் துணித்துண்டு நீலமாக வெளிவரும். துப்புரவுக் கோலில் பித்தளை முனையோ வெண்கலத் தூரிகையோ இருந்தால் அவையே கரைந்து பொய்யான நீலத்தைக் காட்டும் என்பதால், நான் நைலான் முனையைக் கொண்டே சோதித்தேன். "தாமிரம் துளியும் இல்லை" என்று ரசீதில் எழுதப்பட்டிருந்த குழலிலிருந்து துணி மீண்டும் மீண்டும் அடர்நீலமாகவே வந்தது. காட்டில் நான் சுட்ட சில தோட்டாக்களால் அவ்வளவு படிவு சேர வழியில்லை.

சந்தேகம் தீர வேறொரு துப்பாக்கித் தொழில்வல்லுநரிடம் கொண்டுபோனேன். அவர் குழலுக்குள் நுண்கேமராவை விட்டு, புரிகளின் மேடுகளில் செம்புக் கோடுகள் நீண்டு கிடப்பதைத் திரையில் காட்டினார். அதைவிட வருத்தமான செய்தி குழல்வாயில் இருந்தது. அதன் உள்விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்து, மெல்லிய கீறல்கள் விழுந்திருந்தன. முன்பு சைலன்சருக்காகக் குழல்வாயில் மரை வெட்டியவரும் இவரே. அப்போது அவர் எடுத்துவைத்த படங்களில் அந்த விளிம்பு பழுதின்றி இருக்கிறது. போல்ட்டைக் கழற்றிப் பின்புறமாக, வழிகாட்டிக் குழாய் ஒன்றைப் பொருத்தி, துப்புரவுக் கோலைச் செலுத்துவதே முறை. கடைக்காரர்களோ சிரமம் பார்த்து, வாய்ப்பக்கத்திலிருந்து கோலைக் குத்தி இழுத்திருக்கிறார்கள். குண்டு வெளியேறும் நொடியில் வாயு சுற்றிலும் சமமாகப் பீறிட வேண்டும். விளிம்பு ஒருபுறம் சிதைந்தால் வாயு அப்பக்கமாக முந்தி வெளியேறிக் குண்டைச் சாய்த்துவிடும். குறி சிதறியதற்குத் தாமிரத்தோடு இதுவும் காரணம் என்று அவர் எழுத்தாகவே தந்தார்.

ஈரம் புகாத பூச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பலர் மயங்குவது அதில்தான். பீங்கான் கலந்த பூச்சுகளை உலோகத்தின் வெளிப்புறத்தில் பூசுவது உண்மையான, பயனுள்ள வேலை. ஆனால் சூட்டையும் உராய்வையும் தாங்க வேண்டிய புரிகளின் மேல் அவற்றைப் பூசுவதில்லை. பூசுவதாகச் சொல்பவரை நம்பாதீர்கள். நீலச்சாயமும் மிக மெல்லிய ஆக்சைடு படலமே. மேலே எண்ணெய் இல்லாவிட்டால் அது மழையைத் தடுக்காது. துருப்பிடிக்காத எஃகு என்று விற்கப்படும் குழல்களும் மெதுவாகத் துருப்பிடிக்கக்கூடியவையே.

மழையில் உண்மையாகப் பயன் தருபவை சாதாரண வேலைகள். குழல்வாயில் ஒட்டும் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் நீரையும் சேற்றையும் தடுக்கிறது. சுடும்போது குண்டுக்கு முன்னே தள்ளப்படும் காற்றே அதைக் கிழித்துவிடும். குழலுக்குள் நீர் நின்றிருக்கும் நிலையில் சுடுவது குழலையே வீங்கச் செய்யக்கூடும் என்பதால் இது துல்லியத்தோடு நிற்கும் விஷயமன்று, உயிரோடு தொடர்புடையது. சைலன்சரை நாளின் முடிவில் கழற்றிவிட வேண்டும். அதனுள் தேங்கும் ஈரமும் கரியும் குழல்வாயையும் மரையையும் அரித்துவிடும். குளிரில் கிடந்த துப்பாக்கியை அடுப்பெரியும் குடிலுக்குள் கொண்டுவந்தால் உலோகமெங்கும் நீர் வியர்க்கும், ஆகவே நனையாத இடமாகப் பார்த்து வெளித் தாழ்வாரத்தில், பூட்டுக்குள்ளேயே வைப்பது மேல். வீடு திரும்பியதும் பஞ்சுறை வைத்த பெட்டியில் விட்டுவைக்காமல், கட்டையைக் கழற்றி உலர்த்தி, எண்ணெயை மெல்லப் பூசுங்கள். அடுத்த முறை சுடும் முன் குழலிலும் தோட்டா அறையிலும் உள்ள எண்ணெயை முற்றிலும் துடைத்துவிடுங்கள்.

கடைக்குத் திரும்பிப் போனபோது, மழையில் கொண்டுபோனது என் பொறுப்பு என்றும், பூச்சுக்கான உத்தரவாதம் "கடும் ஈரத்துக்கு" பொருந்தாது என்றும் சொன்னார்கள். மழைக்காப்பு என்று விற்ற சேவைக்கு மழையையே விலக்காகக் காட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. 1993ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டப்படி, எந்தச் சேவையும் நியாயமான அக்கறையோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். குறையைச் சரிசெய்ய முதலில் அவர்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும், மறுத்தால் வேறிடத்தில் சரிசெய்து அச்செலவைக் கேட்கலாம். எழுத்தில் கேட்டேன், எழுத்தில் மறுத்தார்கள். குழல்வாயை மீண்டும் கடைந்து சீராக்கிய செலவுச்சீட்டு, நுண்கேமராப் படங்கள், அழுக்கோடு இருந்த திருகுகளின் படம் ஆகியவற்றை இணைத்துச் சிறுவழக்குத் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன்.

இப்பருவத்துக்கு இதே போன்ற சேவைக்குப் பதிவு செய்திருப்பவர்கள், துப்பாக்கியை ஒப்படைக்கும் முன்பே குழல்வாயையும் திருகுகளையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கோலை எந்தப் பக்கத்திலிருந்து செலுத்துவார்கள், எந்தக் கரைப்பானைப் பயன்படுத்துவார்கள் என்று கேளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் நுண்கேமராப் படங்களைத் தர மறுக்கும் கடையாக இருந்தால், முன்பணம் போனாலும் போகட்டும், துப்பாக்கியை வேறிடத்துக்குக் கொண்டுபோங்கள்.