உண்ணி, தெள்ளு, இதயப்புழு: இரண்டு நாய்களுக்குப் பல ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த தடுப்பு மருந்துகள்

சென்னையில் எங்கள் வீட்டில் ஒரு ராஜபாளையம் பெண் நாயும், தெருவிலிருந்து வந்து சேர்ந்த பழுப்பு நிற நாட்டு நாய் ஒன்றும் வளர்கின்றன. குளியல் மருந்து, கழுத்தில் விடும் சொட்டு மருந்து, மருந்துப் பட்டை, மெல்லும் மாத்திரை என எல்லா வகைகளையும் பல ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்திருப்பது இதுதான்: உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் உடலில் கழிப்பதில்லை, வீட்டின் சுவரிடுக்கில்தான் கழிக்கிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் கொடுக்கப்படும் எந்த மருந்தும் சில நாள் நிம்மதியை மட்டுமே தரும்.

நம் ஊர் நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி, மனிதர் வாழும் வீட்டிலேயே பெருகக்கூடிய இனம். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சாகவும், இளம் உண்ணியாகவும், முதிர்ந்த உண்ணியாகவும் மூன்று முறை நாயின் மேல் ஏறி ரத்தம் குடிக்கும் இது, ஒவ்வொரு முறையும் வயிறு நிறைந்ததும் கீழே விழுந்து, கதவுச் சட்டத்திலோ சுவர் விரிசலிலோ மறைந்துகொள்கிறது. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டுவிட்டு இறந்துபோகும். குளிர்காலம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லாத சென்னையில் இந்தச் சுழற்சி நிற்பதே இல்லை. ஆகவே கோடைக்கு மட்டும் மருந்து கொடுப்பது இங்கே பொருந்தாது.

முதலில் பயன்படுத்திய குளியல் மருந்தான அமிட்ராஸ் கரைசல் அன்றைக்கு உடலில் இருந்த உண்ணிகளைக் கொன்றது. பத்து நாளில் புதியவை ஏறிவிட்டன. கரைசல் உலரும்வரை நாய் தன்னை நக்காமல் காவல் காப்பதும் எளிதாக இல்லை. ஃபிப்ரோனிலும் மெத்தோபிரீனும் கலந்த சொட்டு மருந்து தெள்ளுப்பூச்சிக்கு நன்றாகவே வேலை செய்தது. தெள்ளின் முட்டைகளும் புழுக்களும் தரைவிரிப்பிலும் படுக்கையிலும்தான் கிடக்கின்றன என்பதால், முட்டை பொரிந்து வளர்வதைத் தடுக்கும் மெத்தோபிரீன் அதில் சேர்ந்திருப்பது முக்கியம். ஆனால் மருந்து விடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. அடிக்கடி குளிப்பாட்ட வேண்டியிருக்கும் வெயில் காலத்தில் உண்ணிக்கு எதிராக அதன் பலன் எங்களுக்குக் குறைவாகவே தெரிந்தது.

பெரிய மாற்றம் மாத்திரையால் வந்தது. மாதம் ஒருமுறை கொடுக்கும் அஃபாக்ஸோலனரையும் (நெக்ஸ்கார்ட்), பின்னர் 12 வாரத்துக்கு ஒருமுறை உணவுடன் கொடுக்கும் ஃப்ளூராலனரையும் (பிராவெக்டோ) பயன்படுத்தியிருக்கிறோம். இவை ரத்தத்தில் கலந்து, கடிக்கும் பூச்சியின் நரம்பு மண்டலத்தைத் தாக்குபவை. முதல் மாத்திரைக்குப் பிறகும் சில வாரங்கள் சுவரிலிருந்து உண்ணிகள் ஏறிக்கொண்டேதான் இருந்தன. மருந்து பலிக்கவில்லை என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். ஏறிய ஒவ்வொன்றும் ஓரிரு நாளில் செத்துக் காய்ந்து விழுந்தது. முட்டையிட ஆளில்லாமல் போனதால், இடைவிடாமல் மருந்து கொடுத்த சில மாதங்களில் வீடே காலியாயிற்று. நாயே ஒரு பொறியாக மாறிவிடுகிறது என்று சொல்லலாம். ஒரே வீட்டில் இருக்கும் எல்லா நாய்களுக்கும் மருந்து கொடுத்தால் மட்டுமே அந்தப் பொறி முழுமையாகும்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. உண்ணி கடித்த பிறகுதான் மாத்திரை அதைக் கொல்கிறது. உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் எர்லிக்கியா கிருமியோ கடித்த சில மணி நேரத்திலேயே நாயின் உடலுக்குள் சென்றுவிட முடியும். மாத்திரை தவறாமல் கொடுத்துவந்த காலத்திலேயே எங்கள் நாட்டு நாய் சோர்ந்து, உணவை ஒதுக்கியது. ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. இந்நோய்க்கு வழக்கமாக 28 நாள் கொடுக்கப்படும் டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தில் அது தேறியது. அதன் பிறகு மருத்துவரின் ஆலோசனையுடன், உண்ணியை நெருங்கவிடாமல் விரட்டும் ஃப்ளுமெத்ரின் கலந்த கழுத்துப் பட்டையையும் சேர்த்திருக்கிறோம். தெருவில் நடந்து திரும்பியதும் காது மடல், விரலிடுக்கு, அக்குள் ஆகியவற்றைத் தடவிப் பார்ப்பதையும் நிறுத்தவில்லை.

பக்கவிளைவைப் பொறுத்தவரை, எங்கள் நாய்களுக்கு எப்போதாவது ஒருநாள் வயிறு இளகியதைத் தவிர வேறெதுவும் நேரவில்லை. எனினும் இவ்வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் தள்ளாட்டமும் வலிப்பும் வரக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்திருக்கிறது. முன்பே வலிப்பு உள்ள நாய்க்கு, மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் இம்மாத்திரையைக் கொடுக்கவே கூடாது.

உண்ணி மாத்திரை கொடுத்தால் இதயப்புழுவுக்கும் அதுவே போதும் என்று பலர் நம்புகிறார்கள். மேலே சொன்ன இரண்டு மாத்திரைகளும் இதயப்புழுவைத் தடுப்பவை அல்ல. கொசுவால் பரவும் இப்புழுவின் இளம் பருவங்களை ஐவர்மெக்டின், மில்பெமைசின், மாக்ஸிடெக்டின் போன்றவைதாம் கொல்கின்றன. மில்பெமைசின் சேர்ந்த நெக்ஸ்கார்ட் ஸ்பெக்ட்ரா போன்ற கூட்டு மாத்திரைகளும் உண்டு. இவை வரப்போகும் மாதத்துக்குக் காவல் அல்ல, கடந்த மாதத்தில் உடலில் புகுந்த இளம்புழுக்களை அழிப்பவை. அதனால் ஒரு மாதம் தவறினால் அந்த மாதத்துப் புழுக்கள் வளர்ந்து, மருந்துக்கு அடங்காத பருவத்தை எட்டிவிடலாம். நுரையீரல் தமனிகளில் ஏறத்தாழ 30 செ.மீ. வரை வளரும் முதிர்ந்த புழுக்களுக்குச் செய்யும் சிகிச்சை நாய்க்கே ஆபத்தானது. நோய்த்தொற்று நேர்ந்து ஆறு மாதம் கடந்த பிறகே பரிசோதனையில் அது தெரியும் என்பதால், வளர்ந்த நாய்க்கு மருந்தைத் தொடங்கும் முன் ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் ஒருமுறையும் ரத்தப் பரிசோதனை செய்கிறோம். அன்றே எடையும் பார்த்து, அடுத்த ஆண்டுக்கான மாத்திரை அளவை மருத்துவர் எழுதிக் கொடுக்கிறார்.