வினையடைத் தொடர்: முதலிலா, நடுவிலா, கடைசியிலா?

வினை எப்போது, எங்கே, எப்படி நடந்தது என்று சொல்லும் வினையடைத் தொடர் ஆங்கில வாக்கியத்தில் உட்கார மூன்று இடங்கள் உண்டு. எழுத்தில் ஐயம் வந்தால் கடைசி இடமே மேல் என்பது என் கட்சி. முதலிடம் காரணத்தோடு தேர்ந்தெடுக்க வேண்டியது. எழுவாய்க்குப் பின், வினையை ஒட்டி வரும் நடுவிடம் பெரும்பாலும் ஒற்றைச் சொற்களுக்கே உரியது.

கடைசி இடத்தில் தமிழர்களைத் தடுக்கி விடுவது வரிசை. 'நேற்று பூங்காவில் மெதுவாக நடந்தான்' என்பதில் காலம், இடம், விதம் என்று வந்து வினையில் முடிக்கிறோம். ஆங்கிலத்தில் 'ஹி வாக்ட் ஸ்லோலி இன் த பார்க் யெஸ்டர்டே'. வினை முந்திக்கொள்கிறது, விதம், இடம், காலம் என வரிசை அப்படியே தலைகீழாகிறது. போவது, வருவது போன்ற வினைகளில் மட்டும் சேருமிடம் பெரும்பாலும் முதலில் வரும்: 'ஹி வென்ட் டு த ஸ்டேஷன் பை பஸ்'.

கடைசி இடத்துக்கும் ஒரு குறை உண்டு. 'ஷி செட் ஷி வுட் கால் ஆன் மண்டே' என்றால், திங்களன்று சொன்னாளா, திங்களன்று அழைப்பாளா? சொன்ன நாள்தான் திங்கள் என்றால் 'ஆன் மண்டே' முதலுக்குப் போகட்டும், குழப்பம் தீர்ந்துவிடும். இங்கே முதலிடம் வெல்கிறது. முந்தைய வாக்கியத்தோடு காலத்தையோ சூழலையோ கோக்கவும் அதுவே பொருத்தம். தொடர் நீளமானால் பின்னால் காற்புள்ளி இடுங்கள்.

ஆனால் முதலிடத்தில்தான் மோசமான பிழையும் நேர்கிறது. 'வாக்கிங் டு த ஸ்டேஷன், த ரெய்ன் ஸ்டார்ட்டட்' என்று எழுதினால் நடந்துபோனது மழை என்றாகிவிடும். 'நிலையத்துக்கு நடந்துபோகும்போது மழை பிடித்துக்கொண்டது' என்பது தமிழில் குற்றமில்லாத வாக்கியம்; அதனால்தான் இந்தப் பிழை நம் கண்ணில் படுவதே இல்லை. ஆங்கிலத்தில் அப்படித் தொடங்கும் தொடர், அடுத்து வரும் எழுவாயைப் பற்றிக்கொள்ளும். 'ஆஸ் ஐ வாஸ் வாக்கிங் டு த ஸ்டேஷன்' என்று நடந்தவரை உள்ளேயே சொல்லிவிடுவதே சரியான திருத்தம். 'ஒன்லி ஆஃப்டர் த மீட்டிங்' போன்ற தொடரை முன்னால் வைத்தால் 'டிட் ஹி ஸ்பீக்' என்று துணைவினை எழுவாய்க்கு முன்னே வந்தாக வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

நடுவிடம் 'ஆல்வேஸ்', 'ஆஃபன்' போன்ற சொற்களுக்கு இயல்பானது. தொடரை அங்கே நுழைத்தால் வாக்கியம் மூச்சு வாங்கும். வினைக்கும் செயப்படுபொருளுக்கும் இடையே நுழைத்தால் இன்னும் மோசம்: 'ஷி ரெட் வித் கிரேட் கேர் த லெட்டர்' காதில் உறுத்தும். 'த லெட்டர்' முன்னே வரட்டும். செயப்படுபொருள் மிக நீளமாக இருந்தால் மட்டும் கதை மாறும். 'ஷி ரெட் வித் கிரேட் கேர் எவ்ரி லெட்டர் ஹெர் ஃபாதர் ஹேட் ரிட்டன்' நல்ல வாக்கியம்தான். இங்கே 'வித் கிரேட் கேர்' கடைசிக்குப் போனால், அப்பா கவனமாக எழுதினார் என்று படிக்க நேரும்.