‘ஸ்டாண்டர்ட் டெம்ப்ளேட் சார்’: ஏஜென்சி ஒப்பந்தங்களோடு சில ஆண்டுகள்

சென்னையில் இருந்தபடி பெங்களூரு, ஹைதராபாத் நிறுவனங்களுக்கு ஏஜென்சி வழியாக மென்பொருள் வேலை செய்கிறேன். யாருடைய சம்பளப் பட்டியலிலும் இல்லை. மாதாமாதம் பில் போட்டுப் பணம் வாங்குகிற ஆள். ஏஜென்சி அனுப்பும் ஒப்பந்தத்தை வரி விடாமல் படித்த பிறகே கையெழுத்திடுவது என்று பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அந்த உழைப்புக்குப் பலன் உண்டா என்றால், பணம் வருகிற நாளைப் பொறுத்தவரை தாராளமாக உண்டு. மற்றவற்றில் பாதிக்குப் பாதிதான்.

நான் முதலில் திறப்பது பணம் செலுத்தும் பிரிவை. அங்கே பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: ‘கிளையன்ட்டிடமிருந்து தொகை கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் வழங்கப்படும்.’ பார்ப்பதற்குச் சாதுவான வரி. கிளையன்ட் எப்போது தருவார் என்று மட்டும் எங்கேயும் எழுதியிருக்காது. அவர் இழுத்தடித்தால் வருகிற நஷ்டம் ஏஜென்சியின் கையிலிருந்து நம் தலைக்கு மாறுவது இந்த வரியில்தான். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு வலி இன்னும் கூடுதல். 2 லட்சத்துக்குப் பில் போட்டால் 18 சதவீதம், அதாவது 36,000 ரூபாய் வரி. மாதாந்தரக் கணக்கு என்றால் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பில்லுக்குப் பணம் வந்துவிட்டதா என்று அரசு விசாரிப்பதில்லை.

இதற்கு ஒரு நல்ல ஆயுதம் சட்டத்திலேயே இருக்கிறது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006. உத்யம் என்ற அரசுப் பதிவுத் தளத்தில் குறு நிறுவனமாகப் பதிந்துகொண்டால் (கட்டணம் இல்லை, தனி ஆளும் பதியலாம்) ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பணம் தர 45 நாட்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. வேலை தொடங்கும் முன்பே பதிந்துவிடுவது நல்லது.

ஓர் ஏஜென்சியில் இதைச் சொன்னபோது எதிர்முனையில் இருந்த பெண், “சார், இது ஸ்டாண்டர்ட் டெம்ப்ளேட். எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்” என்றார். “எல்லாரும் போட்டது இருக்கட்டும் அம்மா, எனக்கு ‘பில் தேதியிலிருந்து 45 நாட்கள்’ என்று மாற்றித் தாருங்கள்” என்றேன். சட்டப் பிரிவிடம் கேட்டுச் சொல்வதாகப் போனார். இரண்டு நாளில் மாற்றி வந்தது. யாரும் கேட்காததால்தான் பல வரிகள் அப்படியே கிடக்கின்றன என்பது என் எண்ணம்.

அடுத்தது டைம்ஷீட், அதாவது வேலை செய்த நேரக் கணக்கு. அதற்குக் கிளையன்ட்டின் மேலாளர் ஒப்புதல் தராமல் பில் போட முடியாது என்று இருக்கும். அவர் விடுப்பில் போனால் நம் கணக்கும் சேர்ந்து விடுப்பில் போகும். ‘ஐந்து வேலை நாட்களுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் வராவிட்டால் ஒப்புதல் ஆனதாகக் கொள்ளப்படும்’ என்று சேர்க்கச் சொல்வேன். இதற்கு இதுவரை பெரிய எதிர்ப்பு வந்ததில்லை.

எனக்கு உண்மையிலேயே எரிச்சலூட்டுவது வேறொன்று. ‘கிளையன்ட்டுடன் ஏஜென்சி செய்துகொண்ட ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் இவரையும் கட்டுப்படுத்தும்.’ அந்த ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்றால், ரகசியம் என்பார்கள். பார்க்காத காகிதத்துக்கு நான் எப்படிக் கட்டுப்படுவது? பொருந்தும் பக்கங்களை மட்டுமாவது அனுப்புங்கள் என்பேன். அதற்கும் மறுத்தால், இழப்பீட்டுப் பொறுப்புக்கு உச்சவரம்பு கேட்பேன்: கடைசி மூன்று மாதங்களில் நான் வாங்கிய தொகைக்கு மேல் இல்லை என்று. இரண்டுக்கும் தலையாட்டாத ஏஜென்சியிடம் வேலை எடுப்பதில்லை.

வேலை முடிந்தபின் ஓராண்டுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற மிரட்டலுக்கு நான் அவ்வளவாக மல்லுக்கு நிற்பதில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அதைச் செல்லாததாக்கிவிடுகிறது. அதே கிளையன்ட்டிடம் நேரடியாகப் போகக்கூடாது என்ற தடை அப்படியல்ல, அதை அடியோடு உதற முடியாது; ஆறு மாதமாகக் குறைக்க மட்டும் கேட்கலாம். தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்லும் மத்தியஸ்தரை ஏஜென்சியே தனி ஆளாக நியமிக்கும் என்ற வரியும் இன்னும் பழைய டெம்ப்ளேட்களில் உலவுகிறது. 2019லேயே உச்ச நீதிமன்றம் அதற்கு வழியடைத்துவிட்டது.

பதிப்புரிமையில் ஒரு சொல் போதும். ஒப்பந்தக்காரர் எழுதிய நிரலுக்கு, எழுத்துமூலம் மாற்றிக் கொடுக்காதவரை, பொதுவாக அவரே உரிமையாளர். ஆகவே உரிமை எப்போது கைமாறும் என்ற வரியில் ‘எழுதப்பட்ட உடனே’ என்றிருந்தால், அதை ‘முழுத் தொகை செலுத்தப்பட்ட உடனே’ என்று மாற்றச் சொல்லுங்கள். பணம் நிலுவையில் இருக்கும்போது இந்த வரியின் அருமை தெரியும்.

சிறிய ஏஜென்சிகள் மூலத்தையே திருத்தித் தருகின்றன. பெரியவை டெம்ப்ளேட்டில் கைவைக்க விடாது. ஒப்பந்தத்தோடு தனி இணைப்புப் பக்கம் ஒன்றைச் சேர்க்க ஒப்புக்கொள்ளும். அப்போது, முரண் வந்தால் இணைப்பில் உள்ளதே செல்லும் என்ற வரியை இணைப்பிலேயே எழுதச் சொல்லுங்கள். மூலத்தின் கடைசிப் பக்கங்களில் அதற்கு நேர்மாறான வரி ஒன்று பெரும்பாலும் ஒளிந்திருக்கும். அதையும் எண் குறிப்பிட்டு நீக்கச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து.