அவுட்லாண்டர் ப்ளக்-இன் ஹைபிரிட்: யாழ்ப்பாணத்துச் சமதரையில் பிரேக் தரும் மின்சாரம்

மிட்சுபிசி நிறுவனம் 2013இல் ஜப்பானில் விற்பனைக்கு விட்ட முதற்தலைமுறை அவுட்லாண்டர் ப்ளக்-இன் ஹைபிரிட் (பெற்றோல் எஞ்சினும், வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்யக்கூடிய பற்றரியும் கொண்ட) ஜீப்பை வாங்க நினைக்கும் யாழ்ப்பாணத்தவர் பலர், “ஓட ஓடத் தானாகவே சார்ஜ் ஆகுமாமே, உண்மையா?” என்று கேட்கிறார்கள். தானாக ஆவதில்லை. வேகமெடுக்கையில் பெற்றோலிலிருந்தோ வீட்டு மின்சாரத்திலிருந்தோ செலவழித்த சக்தியில் ஒரு பங்குதான், வேகம் குறைக்கும்போது பற்றரிக்குத் திரும்புகிறது. அந்தப் பங்கை வீணாக்காமல் பிடித்து வைப்பதில் இந்த வாகனம் கெட்டிக்காரத்தனமானது.

சைக்கிள் டைனமோவை ரயரில் சாய்த்ததும் மிதிப்பது கனக்கும் அல்லவா, இங்கும் அதே விதிதான். முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக உள்ள 60 கிலோவாற் மோட்டார்கள், அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்ததும் சில்லுகளால் சுழற்றப்பட்டு ஜெனரேற்றர்களாக மாறுகின்றன. அங்கே பிறக்கும் ஆடலோட்ட மின்னை இன்வேர்ட்டர் நேரோட்டமாக்கி 12 கிலோவாற்-மணி பற்றரிக்கு அனுப்ப, மின்னை உண்டாக்குவதற்கு எழும் எதிர்ப்பே வண்டியை மெதுவாக்குகிறது.

ஸ்ரியரிங்கின் பின்னாலுள்ள நெம்புகளால் இந்த எதிர்ப்பை பி0 முதல் பி5 வரை மாற்றலாம். பி0இல் வண்டி தடையின்றி வழுக்கிச் செல்லும். ஆஸ்பத்திரி வீதியில் ஓட்டோக்களுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே போகும்போது இடது நெம்பை இழுத்து பி5இல் வைத்தால், காலை எடுத்தவுடனேயே வேகம் நன்றாக இறங்கும். மீற்றர் முள் சார்ஜ் பகுதிக்குச் சாயும். பிரேக் மிதியைத் தொடும் தேவை வெகுவாகக் குறைகிறது. ஆனாலும் முற்றாக நிறுத்துவதற்கு மிதியை அழுத்தியே ஆகவேண்டும். இரவில் வீதியில் படுத்திருக்கும் மாடுகளுக்கு முன்னால் நெம்பை நம்பியிருக்கக் கூடாது.

கிடைப்பது எவ்வளவு? ஆட்களுடன் சுமார் 2,000 கிலோ எடையுள்ள வண்டி 60 கிலோமீற்றர் வேகத்தில் கொண்டிருக்கும் சக்தி ஏறத்தாழ 0.08 அலகு (கிலோவாற்-மணி) மின்சாரம் மட்டுமே. இழப்புகள் போக அதுவும் குறையும். ஆகவே நகருக்குள் அடிக்கடி நின்று போகிறவருக்கு இது சேர்ந்து பயன் தரும். ஆனையிறவைத் தாண்டி ஏ9 வீதியில் ஒரே சீராக ஓடுபவருக்கோ திரும்பப் பெறுவதற்கென்று பெரிதாக எதுவும் இல்லை. மலைநாட்டில் கணக்கே வேறு. நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கும் சுமார் 1,350 மீற்றர் உயரத்தில் ஏழு அலகுக்கு மேல் சக்தி அடங்கியிருக்கிறது. காற்றுத்தடையும் உராய்வும் எடுத்தது போகக் கணிசமான பங்கு பற்றரிக்கு வரும். ஆனால் நுவரெலியாத் தங்குமிடத்தில் இரவு முழுக்க சார்ஜ் செய்து பற்றரியை நிரப்பிவிட்டால், இறக்கத்தில் வரும் மின்சாரத்தை ஏற்க இடமிராது. மோட்டாரின் பிடிப்பும் தளர்ந்து, சாதாரண பிரேக்குகள் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டிவரும். பொதுவாக ப்ளக்-இன் ஹைபிரிட்டுகளுக்கு இது பொருந்தும் என்பதால், மலைக்குப் போகிறவர்கள் பற்றரியில் கொஞ்சம் இடம் விட்டே புறப்படட்டும்.

வீட்டில் சார்ஜ் செய்யும் வசதியும் நாளாந்தம் நகருக்குள் ஓட்டமும் உள்ளவர்களுக்கு இந்த ஜீப்பை மனமாரப் பரிந்துரைக்கிறேன். பாவித்த வண்டியை வாங்குவதாயின், பற்றரியின் மீதிக் கொள்ளளவைச் சோதிப்பிப்பதோடு பிரேக் டிஸ்க்குகளையும் குனிந்து பாருங்கள். மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பதால் டிஸ்க்குகள் குறைவாகவே தேய்கின்றன. ஆனால் எங்கள் கடற்காற்றில், உரசல் படாத இரும்பில் துரு விரைவில் ஏறும். வாங்கிய பின்னரும், பின்னால் வாகனம் வராத வெளியான வீதியில் இடைக்கிடை பிரேக்கைச் சற்றுப் பலமாக அழுத்திப் பிடித்து அந்தத் துருவை உரசிக் களைவது நல்லது.