மார்கழிச் சென்னையா, சித்திரைப் பெங்களூரா: ஒரு தனி ஆவர்த்தனம் தீர்த்துவைத்த கேள்வி

திருகோணமலையிலிருந்து சங்கீதம் கேட்பதற்கென்றே இந்தியாவுக்குப் புறப்படுபவருக்கு முதலில் நினைவில் வருவது மார்கழிச் சென்னைதான். நாங்களும் இருமுறை அங்குதான் போனோம். மூன்றாம் முறை, 2024 ஏப்ரலில், பெங்களூரின் இராமநவமி இசைவிழாவுக்குப் போய் எட்டு மாலைகள் கேட்டுவிட்டுத் திரும்பினோம். அன்றுமுதல் மகனுடன் மிருதங்கம் பழகும் பிள்ளைகளின் பெற்றோர், அடுத்த பயணத்துக்கு எதைத் தெரிவு செய்வது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் சாய்வு பெங்களூர்ப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் இருபது நாட்களும் பெங்களூரில் எட்டு மாலைகளும் மட்டுமே கேட்ட ஒருவனின் சாய்வு அது.

இரண்டின் வரலாற்றையும் நீட்ட வேண்டியதில்லை. 1927 இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து மறு ஆண்டு மியூசிக் அகாதமி பிறந்தது. அதைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாகச் சபாக்கள் சேர்ந்து இன்றைய சீசன் உருவாயிற்று. பெங்களூரில் 1939 இல் எஸ்.வி. நாராயணசுவாமி ராவ் தொடங்கிய ஸ்ரீராம சேவா மண்டலி, கன்னடப் புத்தாண்டான யுகாதியை ஒட்டி ஏறத்தாழ ஒரு மாதம் மாலைதோறும் கச்சேரி வைக்கிறது. சாமராஜப்பேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் பந்தலிட்டு நடத்துவது அதன் நெடுநாள் வழமை. பயண வசதியில் சென்னைக்கே முதலிடம்: வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போய்ப் பலாலியில் விமானம் ஏறலாம். பெங்களூருக்கென்றால் இரவு ரயிலில் கொழும்பு போய்க் கட்டுநாயக்காவில் ஏற வேண்டும். ஆனால் மார்கழியில் எங்கள் ஊரில் வடகீழ்ப் பருவமழை நின்றிராது. கிணறு நிரம்பி முற்றத்தில் தண்ணீர் நிற்கும் நாட்களில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக மனம் வராது. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரேவி சூறாவளி எங்கள் மாவட்டக் கரையை ஒட்டித்தான் ஏறியது என்பதை இங்குள்ளவர் இன்னும் மறக்கவில்லை.

இவை எல்லாம் ஏறக்குறைய ஈடுகட்டிக்கொள்ளும். எனக்கு முடிவைத் தீர்த்துவைத்தது தனி ஆவர்த்தனம்: கச்சேரியில் பாட்டு நின்று, மிருதங்கம் முதலான தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி.

இதை விளங்கிக்கொள்ள, திருகோணமலைக் காது எதில் பழகியது என்பதை முதலில் சொல்ல வேண்டும். சிவராத்திரிக்குப் பின் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் நாட்களில் நாங்கள் சந்தியில் நின்று கேட்டது மேளக் கச்சேரியை. சுவாமி நிற்கும் இடத்தில் நாதசுரக்காரர் ஓர் இராகத்தை எடுத்தால், அது முடியும்வரை சுவாமியும் நகராது, சனமும் நகராது. பிறகு தவில்கள் ஒன்றுக்கொன்று சவால் விடத் தொடங்கும். எப்போது முடியும் என்று ஒருவரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி போன்ற ஒரு தவில் மேதை இந்த மண்ணில் தோன்றியது தற்செயல் அல்ல என்றே நான் நினைக்கிறேன்: நின்று கேட்கும் கூட்டம் இருந்ததால்தான் நின்று வாசிக்கும் கை உருவாயிற்று. அப்படிப்பட்ட கேள்வியில் வளர்ந்த என் மகன், வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்காக மிருதங்கம் பழகுபவன், சென்னையில் முதல் கச்சேரியிலேயே ஏமாந்தான். தனி தொடங்கியது, பாதி அரங்கு எழும்பிச் சிற்றுண்டிச்சாலைக்குப் போயிற்று, போனவர்கள் தோசைக்கு வரிசையில் நின்றிருக்கும்போதே தனி முடிந்துவிட்டது.

அந்தக் கலைஞர்களைக் குறைசொல்ல முடியாது. சென்னையின் பெரிய சபாக்களில் ஒரே மேடையில் காலை, நண்பகல், பிற்பகல், மாலை என்று கச்சேரிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. மாலையில் நான்கு மணிக்கு ஒன்று, ஏழு மணியளவில் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம். நான்கு மணிக் கச்சேரி முடியுமுன்பே அடுத்த குழு பக்கவாட்டில் சுருதி சேர்த்துக்கொண்டு காத்திருக்கும். வர்ணம், விரைவான இரண்டு கீர்த்தனைகள், ஒரு விரிவான இராகம், சில வேளைகளில் ராகம் தானம் பல்லவி, இறுதியில் துக்கடாக்கள் எனும் சிறு உருப்படிகள் என்று எல்லாம் அந்த நேரத்துக்குள் அடங்க வேண்டும். எதையாவது குறைக்க வேண்டுமென்றால் முதலில் கத்தி விழுவது தாளத்தின் மீதுதான்.

அதனால் இழப்பது என்ன என்பதை மிருதங்கம் பழகாதவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். முழுமையான தனியில் மிருதங்கம் முதலில் தன் கருத்தை வைக்கும். கடமோ கஞ்சிராவோ அதற்கு மறுமொழி சொல்லும். நடை மாறி, நான்காக ஓடிய தாளம் மூன்றாகவோ ஐந்தாகவோ பிரியும். அதன்பின் வருவது குறைப்பு: ஒருவர் இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு முழுத் தாளச் சுற்று, வாசிக்க மற்றவரும் இரண்டு ஆவர்த்தனம் வாசிப்பார், பிறகு ஒவ்வொன்று, பிறகு பாதி, பிறகு கால் என்று சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஓரிரு சொற்கட்டுகளை மட்டும் பந்தாகத் தட்டிக்கொள்ளும் நிலைக்கு வரும். பிறகு இருவரும் சேர்ந்து மோரா, கோர்வை என்னும் முடிப்புகளை வாசித்துப் பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழுவார்கள். பத்து நிமிடத் தனியில் முதலில் காணாமற் போவது இந்தக் குறைப்புத்தான். மோராவும் கோர்வையும் எப்படியும் இருக்கும். அவற்றுக்கு முன் நடந்திருக்க வேண்டிய உரையாடல் இராது. என் மகன் இரண்டு சென்னைப் பயணங்களிலும் முழுமையான குறைப்பை மூன்றே முறைதான் கேட்டான். தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறான்.

பெங்களூர்ப் பந்தலில் அன்றைய மாலைக்கு அந்த ஒரு கச்சேரிதான். மேடைக்குப் பின்னால் யாரும் காத்திருக்கவில்லை. நாங்கள் கேட்டவற்றில் பெரும்பாலானவை மூன்று மணி நேரத்தைத் தாண்டின. இராமநவமிக்கு மறுநாள், இரண்டு களையில், அதாவது ஒவ்வொரு எண்ணிக்கையும் இரட்டிக்கும் நிதானத்தில், அமைந்த ஆதி தாளக் கீர்த்தனை ஒன்றின் பின் மிருதங்கம், கடம், கஞ்சிரா மூன்றும் சேர்ந்து வாசித்த தனி 35 நிமிடங்கள் நீடித்தது. எனக்கு முன்வரிசையில் இருந்த முதியவர் தொடக்கம் முதல் கோர்வை விழும்வரை தொடையில் தாளம் போட்டபடி இருந்தார். அவரைப் போல இன்னும் நூறு கைகள் தாளம் போட்டன. பந்தலுக்கு வெளியே பானகமும் கோசம்பரியும் விற்கும் இடத்துக்குப் போனவர் மிகச் சிலர். மகன் அன்றிரவு விடுதியில் மேசையின் விளிம்பில் அந்தக் குறைப்பை வாசித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். எட்டு மாலைகளில் ஆறில் குறைப்பு முழுமையாக வந்தது. எங்களுக்கு வாய்த்த நாட்கள் நல்ல நாட்களாக இருந்திருக்கலாம். முழு மாதமும் கேட்டவர் வேறு கணக்குச் சொல்லக்கூடும்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. பந்தல் பந்தல்தான்: வீதியிலிருந்து வாகன ஒலி வரும், ஒலிபெருக்கி சில மாலைகளில் வீணையின் அடித்தந்தியை விழுங்கிவிடும், ஏப்ரலின் திடீர் மழை தகரத்தில் விழுந்தால் ஆலாபனை நின்று காத்திருக்கும். நல்ல அரங்கில் தம்புராவின் இழையைக் கேட்க விரும்புகிறவருக்கு அகாதமியின் மண்டபமே பொருத்தம். நாட்டியத்தில் போட்டியே இல்லை. டிசம்பர் இறுதியில் கலாக்ஷேத்திராவின் கலைவிழா, ஜனவரியில் அகாதமியின் நாட்டிய விழா என்று சென்னை கொடுப்பதில் நூற்றில் ஒரு பங்கைக்கூடப் பெங்களூரில் நான் காணவில்லை; பரதம் கற்பித்த என் மனைவி இதை எனக்கு அடிக்கடி நினைவூட்டுகிறார்.

தமிழ்ப் பாட்டும் அங்கே குறைவு. புரந்தரதாசரின் கன்னடப் பக்திப் பாடல்களான தேவர்நாமங்கள் நிறைவாகக் கிடைக்கும். இராமநவமி என்பதால் தியாகராஜரும் நிறைவாகக் கிடைப்பார். ஆனால் அருணாசலக் கவிராயரின் இராமநாடகக் கீர்த்தனை ஒன்று வராதா என்று காத்திருந்து ஒருமுறை மட்டுமே கேட்டேன். சென்னையில் 1943 இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழாவுக்குப் போனால் அந்தக் குறை தீரும். அங்கு பண்ணாராய்ச்சிக் கூட்டங்களும் நடக்கின்றன. நம் கோணேசர் மீதான கோணமாமலைத் தேவாரப் பதிகம் அமைந்த புறநீர்மைப் பண் போன்றவற்றில் ஆர்வமுள்ளவர் அதற்காகவே போகலாம். ஓதுவாரிடம் தேவாரம் பழகும் பிள்ளையை அழைத்துப் போவதானால் நான் சென்னையைத்தான் சொல்வேன்.

கடைசியாக நாள்காட்டி. இதில் பெங்களூருக்குப் போவோர் கவனமாக இருக்க வேண்டும். மண்டலியின் விழா சந்திரமானத்தைப் பின்பற்றி யுகாதியை ஒட்டித் தொடங்குகிறது. கோணேசர் கோவில் பெருந்திருவிழாவோ பங்குனி உத்தரத்தை ஒட்டித் தொடங்கி இரண்டு கிழமைக்கு மேல் நடக்கிறது. 2024 இல் பங்குனி உத்தரம் மார்ச் 25 ஆம் திகதியும் இராமநவமி ஏப்ரல் 17 ஆம் திகதியும் வந்ததால் எங்களுக்கு இரண்டும் கிடைத்தன. ஊர்த் திருவிழா முடிந்து, மருத்துநீர் வைத்து முழுகி, கைவிசேடம் வாங்கிய கையோடு புறப்பட்டோம். பாடசாலைத் தவணை விடுமுறையும் பொருந்தியது. 2025 இல் இராமநவமி ஏப்ரல் 6, உத்தரம் ஏப்ரல் 11 என்று வந்ததால் திருவிழாவை விட்டால்தான் பெங்களூர் என்றாயிற்று, நாங்கள் போகவில்லை. 2027 இல் உத்தரம் மார்ச் 22 இலும் யுகாதி ஏப்ரல் 7 இலும் இராமநவமி ஏப்ரல் 15 இலும் வருகின்றன. புத்தாண்டுக்கு மறுநாளே இராமநவமி என்பதால் அன்றைய மாலை தவறும். அதன் பின்னும் மூன்று கிழமைக் கச்சேரிகள் மிஞ்சும். மகனும் நானும் அந்த ஆண்டுக்குத் தீர்மானித்துவிட்டோம். மனைவி அதற்கு முன் ஒரு டிசம்பரில் தன் சகோதரியுடன் சென்னைக்குப் போகப் போவதாகச் சொல்லியிருக்கிறார். முற்றத்துத் தண்ணீரை நாங்கள் இருவரும் பார்த்துக்கொள்வதாக ஒப்பந்தம்.