நெல் கொள்முதல் நிலையத்தில் ஒன்பது நாள்: தராசு சரி, ஏக்கர் கணக்குதான் சரியில்லை

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரை ஒட்டி இருக்கிற நேரடி நெல் கொள்முதல் நிலையத்தைப் பற்றித்தான் இது. எந்த நிலையம் என்று பெயர் போடவில்லை. அங்கே வேலை பார்க்கிறவர்கள் பாதிப் பேர் தெரிந்த பிள்ளைகள், தவிர நான் சொல்லப்போகிற குறை அவர்கள் கையில் இருப்பதும் இல்லை. 2025 குறுவை நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டி, ஒன்பது நாள் காவல் கிடந்து, எடை போட்டுப் பணமும் வாங்கிவிட்டேன். 5-க்கு 3 தருகிறேன். மீதி 2 எதில் போச்சு என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நல்லது. விலையில் குறை சொல்ல முடியாது. 2025 செப்டம்பர் 1 முதல் சன்னரகத்துக்குக் குவிண்டால் 2545 ரூபாய், பொது ரகத்துக்கு 2500, இதில் மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்தி. நான் போட்டது கோ 51, சன்னரகத்தில் எடுத்துக்கொண்டார்கள். தராசு மின்னணுத் தராசு, மூட்டைக்கு 40 கிலோ, எண் நமக்குத் தெரிகிற மாதிரி திருப்பித்தான் வைத்திருக்கிறார்கள், நான் நின்று பார்த்த வரைக்கும் எடையில் ஒரு தப்பும் இல்லை. தூற்றும் இயந்திரம் ஒன்று இருக்கிறது, ஓடுகிற நிலையில் இருக்கிறது (இதைச் சொல்லக் காரணம், போன வருசம் அது ஓடவில்லை). எடை போட்டு முடிந்த ஆறாம் நாள் பணம் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. பட்டியல் எழுத்தர் சின்னப் பையன், ஆனால் வயதானவர்களை உட்காரச் சொல்லி நாற்காலி எடுத்துப் போடுகிற பையன்.

களம் பற்றி ஒரு வார்த்தை. சிமெண்ட் களம் சின்னது, அதில் நாலு பேர் நெல்லைக் கொட்டினால் முடிந்தது, அப்புறம் வருகிறவர்கள் மண் தரையிலும் ரோட்டோரத்திலும்தான் கொட்ட வேண்டும். எனக்குக் கிடைத்த டோக்கன் 27, அதனால் ரோட்டோரம். மூன்றாம் நாள் இரவு மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் இரண்டு வாடகைக்கு எடுத்து மூடினேன், ஆனாலும் கீழிருந்து ஈரம் ஏறுகிறதை யார் தடுக்க முடியும். காலையில் குவியலுக்குள் கையை விட்டால் உள்ளே கதகதவென்று சூடு, புளித்த கஞ்சி மாதிரி ஒரு வாடை, அடியில் இருந்த நெல்லில் வெள்ளையாக முளை எட்டிப்பார்க்கிறது. நானும் வீட்டுக்காரியும் அன்றைக்குப் பகல் முழுவதும் காலால் துழாவித் துழாவி உலர்த்தினோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். ஐந்தாம் நாள் மீட்டரில் 18.6 காட்டியது. ஏழாம் நாள் 16.8. அந்த எண்ணைப் பார்த்ததும் வீட்டுக்காரி களத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

இதெல்லாம் டெல்டாவில் எல்லாருக்கும் நடக்கிறதுதான், இதற்காக மட்டும் நான் 2 மதிப்பெண் குறைக்கவில்லை. எட்டாம் நாள் எடை போட ஆரம்பித்தார்கள், சாக்கு மாட்டித் தைத்து அடுக்கிக்கொண்டே வருகிறார்கள், ஒன்பதாம் நாள் 240 மூட்டை ஆனதும் எழுத்தர் தம்பி நோட்டை மூடிவிட்டார்.

"ஐயா, உங்க அடங்கலுக்கு இவ்வளவுதான் ஏறும்." (அடங்கல் என்பது எந்த நிலத்தில் என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்று கிராம நிர்வாக அலுவலர் தருகிற சான்று.)

"இன்னும் கிடக்கே தம்பி, பாருங்க."

"ஏக்கருக்கு 60 மூட்டைன்னு வச்சிருக்காங்கய்யா. நாலு ஏக்கருக்கு 240. அதுக்கு மேல போட்டா கணினி வாங்காது."

போன தாளடிக்கு (குறுவை அறுத்த வயலில் அடுத்துப் போடுகிற நெல்) இதே நிலையத்தில் ஏக்கருக்கு 65 எடுத்தார்கள். இந்தத் தடவை 60 என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, அறிவிப்புப் பலகையில் விலை எழுதியிருந்தது, ஈரப்பதம் எழுதியிருந்தது, இந்தக் கணக்கு மட்டும் எழுதவில்லை. எனக்கு விளைந்தது ஏக்கருக்கு 71. மொத்தம் 284 மூட்டை. மீதி 44 மூட்டை, அதாவது 1760 கிலோ, ரோட்டோரத்தில் அப்படியே கிடந்தது. திரும்ப டிராக்டர் வைத்து வீட்டுக்கு ஏற்றுவதா, அங்கேயே சுற்றிக்கொண்டிருந்த வியாபாரிக்குக் கொடுப்பதா? மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது, குவிண்டால் 1800-க்குக் கொடுத்துவிட்டேன். நிலையத்தில் போட்டிருந்தால் 44,792 ரூபாய் வந்திருக்கும், கைக்கு வந்தது 31,680. பதிமூன்றாயிரத்துச் சொச்சம் போச்சு. அது எங்களுக்கு நடவுக்கூலிப் பணம்.

இப்படி ஒரு கணக்கு ஏன் வைத்தார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. வெளி மாவட்டத்திலிருந்தும் வெளி மாநிலத்திலிருந்தும் வியாபாரிகள் லாரியில் நெல்லைக் கொண்டுவந்து, உள்ளூர் ஆள் ஒருத்தரின் சிட்டா (நிலம் யார் பேரில் என்கிற பதிவு), அடங்கலைக் காட்டி இங்கே தள்ளிவிடுகிறார்கள். விவசாயிக்கென்று வைத்த விலையை அவர்கள் தின்கிறார்கள். அதைத் தடுக்க ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரு அளவு வேண்டும்தான், நானே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அளவை எப்போது சொல்கிறார்கள் என்பதில்தான் என் சண்டை.

எவ்வளவு பயிர் செய்யலாம் என்று அரசு வரம்பு கட்டுவது உலகத்தில் புதிது இல்லை. ஆந்திராவிலும் கர்நாடகாவிலும் வர்ஜீனியா புகையிலை போடுகிறவர்களுக்குப் புகையிலை வாரியம் இருக்கிறது, 1975 சட்டத்தின்படி ஏற்பட்டது, குண்டூரில் தலைமை அலுவலகம். ஒவ்வொரு பருவத்துக்கும் இவ்வளவுதான் விளைய வேண்டும் என்று வாரியம் முன்கூட்டியே முடிவு செய்கிறது, பதிவு செய்துகொண்டுதான் போட வேண்டும், கூடுதலாக விளைந்தால் ஏலத்தில் அதற்குத் தனிக் கட்டணம், தனி அனுமதி. கடுமைதான். ஆனாலும் நாற்று விடும்போதே விவசாயிக்குத் தன் அளவு தெரியும். நம் பக்கத்துக் கரும்பையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆலையில் இத்தனை ஏக்கர் என்று பதிந்துவிட்டுத்தான் கரணை ஊன்றுகிறோம்.

சட்டம் படிக்கிற என் தங்கை மகன், நான் புலம்புவதைக் கேட்டுவிட்டு ஒரு அமெரிக்க வழக்கைச் சொன்னான். ஒஹையோவில் ரோஸ்கோ ஃபில்பர்ன் என்று ஒரு விவசாயி. கோதுமை விலை விழாமல் இருக்க அங்கே 1938-ல் ஒரு சட்டம் போட்டு ஒவ்வொரு பண்ணைக்கும் ஏக்கர் ஒதுக்கியிருக்கிறார்கள். இவருக்கு ஒதுக்கியது 11.1 ஏக்கர், விதைத்தது 23. கூடுதலாக விளைந்த 239 புஷல் (அவர்கள் ஊர் தானிய அளவு) கோதுமைக்கு அபராதம். நான் என் பண்ணைக் கோழிக்கும் மாட்டுக்கும் வீட்டு மாவுக்கும் வைத்துக்கொள்வதை நீங்கள் எப்படிக் கேட்கலாம் என்று வழக்குப் போட்டார், 1942-ல் உச்ச நீதிமன்றம் அரசு பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை, வீட்டுச் சோற்றுக்கு வைத்ததில் போய் அரசாங்கம் கை வைக்கிறதா என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் அவன் சொன்ன ஒரு விவரம்தான் மனசில் நின்றுவிட்டது. அந்த விவசாயிக்கு ஒதுக்கீடு இவ்வளவு என்று 1940 ஜூலையிலேயே சொல்லிவிட்டார்கள், அவர் விதைத்தது அதற்கு அப்புறம். அறுப்புக்கு முன்னால் மறுபடியும் ஒரு அறிவிப்பு. தெரிந்தே மீறினார், தெரிந்தே சண்டை போட்டார். எனக்கு மீறுவதா வேண்டாமா என்று யோசிக்கவே இடம் கொடுக்கவில்லையே. நெல்லை அறுத்துத் தரையில் கொட்டி ஒன்பது நாள் கழித்துத்தான் என் வரம்பு எனக்கே தெரிகிறது.

காவிரிக்காரர்களுக்கு வரம்பு என்றால் என்ன என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சென்னை மாகாணமும் மைசூரும் போட்ட 1924 ஒப்பந்தத்திலேயே மேட்டூர் அணையை வைத்துப் புதிதாக இவ்வளவு ஏக்கர்தான் என்று எழுதியிருக்கிறார்கள், 3,01,000 ஏக்கர். 2007-ல் காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுப் பாசனத்துக்கு 24.71 லட்சம் ஏக்கர் என்று கணக்கு வைத்துத்தான் 419 டிஎம்சி ஒதுக்கியது, 2018-ல் உச்ச நீதிமன்றம் அதையும் குறைத்தது. தண்ணீர் இல்லாத வருசம் குறுவையே போடாமல் வயலைத் தரிசாக விட்டிருக்கிறோம். எங்கள் அப்பா காலத்தில் லெவி நெல், அதாவது அரசுக்குக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய பங்கை, அளந்துவிட்டுத்தான் மீதியைத் தொட முடியும், மாவட்டம் தாண்டி ஒரு மூட்டை கொண்டுபோனால் சோதனைச் சாவடியில் பிடிப்பார்கள், கல்யாண வீட்டுக்கு அரிசி கொண்டுபோகக்கூட அப்பா பயந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதுவும் முன்னாலேயே தெரிந்த கணக்கு. இவ்வளவு அளக்க வேண்டும் என்று தெரிந்துதான் அறுத்தார்கள்.

இந்த வருசம் எப்படி ஆரம்பித்தது தெரியுமா? ஜூன் 12-ந் தேதி மேட்டூர் திறந்தார்கள், மாசம் முடிவதற்குள் அணையும் நிரம்பிவிட்டது. குறுவைத் தொகுப்புத் திட்டம் அறிவித்தார்கள், இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4000 ரூபாய் மானியம். வேளாண்மை அலுவலகத்திலிருந்து வந்து வரிசை நடவு போடுங்கள், தூர் நிறையக் கட்டும், ஏக்கருக்கு 70 மூட்டை தாண்டும் என்றார்கள். நானும் போட்டேன். அவர்கள் சொன்ன மாதிரியே தாண்டியது. அந்த மகசூலைத்தான் இன்னொரு அலுவலகம் அதிகம் என்று சொல்லித் திருப்புகிறது. கூடுதலாக விளைந்த நெல்லைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தால் விளைவித்தவனுக்கு எப்படி இருக்கும். அறுவடைக்கு முன்னால் வயலில் இறங்கிப் பார்த்து, இந்த வயலில் இவ்வளவு வரும் என்று ஒரு கிராம நிர்வாக அலுவலரோ வேளாண்மை உதவியாளரோ எழுதிக் கொடுத்தால் போதும், வியாபாரி நெல் எது, என் நெல் எது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இன்னொன்று, எனக்காவது அடங்கல் இருந்தது. பக்கத்து வயல் அண்ணன் இரண்டு ஏக்கர் வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார். நிலத்துக்காரர் சென்னையில். குத்தகையைப் பதிந்துகொள்ள 1969-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் பதிந்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று பயந்து எந்த நிலத்துக்காரரும் கையெழுத்துப் போட மாட்டார். அந்த அண்ணனுக்கு ஏக்கருக்கு 60-ம் கிடையாது, 65-ம் கிடையாது. அவர் விளைவித்த நெல் முழுவதும் களத்து மேட்டிலேயே வியாபாரி கைக்குப் போய்விட்டது. என் 44 மூட்டைக்கு நான் இவ்வளவு பேசுகிறேன், அவர் வாயே திறக்கவில்லை.

போகிறவர்கள் கவனிக்க: அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் நாலுக்கும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் நகல் எடுக்கிற கடை கிடையாது. தார்ப்பாய் சொந்தமாக வைத்திருப்பது நல்லது, மழை வந்த அன்றைக்கு வாடகை இரண்டு மடங்கு. சுமை தூக்குகிறவர்களுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்கிறார்கள், முதலிலேயே பேசிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நெல்லை இறக்குவதற்கு முன்னால் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று எழுத்தரிடம் கேளுங்கள், கேட்டு எழுதி வாங்குங்கள். மிச்சம் வரும் என்று தெரிந்தால் அதைக் களத்திலேயே பிரித்துக் காயவைத்து வீட்டுக்கு ஏற்றிவிடலாம், ரோட்டோரத்தில் வைத்து அவசரத்துக்கு விற்க வேண்டியதில்லை.

தாளடிக்கு நாற்றங்கால் உழுது தண்ணீர் கட்டியாச்சு. விதை மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னால் போன செவ்வாய்க்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். வரும் தாளடிக்கு ஏக்கருக்கு எத்தனை எடுப்பீங்க தம்பி என்று கேட்டேன். அந்தப் பிள்ளை எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு, "அதெல்லாம் அறுப்பு சமயத்துலதான்யா சுத்தறிக்கை வரும்" என்றது.